மாரி வெள்ளத்துக்குள் ஒரு பிள்ளைப்பேறு: அப்பா பக்கத்துக் குறிப்புகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் மண்டூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று வழி இருக்கிறது. துறையில் பாதை (மிதவைப் படகுக்கு இங்கே பாதை என்றுதான் பேர்) ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கினால் களுவாஞ்சிக்குடி கிட்ட. இல்லையென்றால் வெல்லாவெளிக்குப் போய்ப் பட்டிருப்புப் பாலத்தால் வரலாம், அது சுற்று. மூன்றாவது, சவளக்கடையால் போய்க் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு. மார்கழியில் மழை ஒரு கிழமை விடாமல் அடித்தால் மூன்றும் ஒரே நாளில் அடைபடும். காற்றுக்குப் பாதை ஓடாது, வெல்லாவெளி ரோட்டில் வெள்ளம் ஏறி நிற்கும், கிட்டங்கியில் தண்ணீர் முழங்காலுக்கு மேலே. கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷம், இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் மனைவிக்குப் பிரசவத் தேதி ஜனவரி 4 என்று கார்ட்டில் எழுதிக் கொடுத்தபோது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வயல்காரன் நான், மழை எப்போது வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் விதைக்கிறேன், பிள்ளை விஷயத்தில் அந்த மூளை வேலை செய்யவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம் என் சகலன் முறையான ஒருவன், மனைவியின் சின்னம்மா மகளைக் கட்டியவன். சித்திரை வருஷம் முடிந்த கையோடு வாடிக்குத் தேடி வந்தான். மனிசிக்கு ஒன்பது வாரமாம். “அண்ணன், எல்லாத்தையும் பொம்பிளையள்தான் பாக்கிறாங்க, நான் என்னத்தச் செய்யிற?” என்று கேட்டான். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. அதனால் பிள்ளைப்பேற்றுக்கென்று பெண் தாய்வீட்டுக்குப் போகிற கதையே இல்லை, அவள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறாள். தாய், அம்மம்மா, சின்னம்மா, அக்கா என்று எல்லாரும் சுற்றிவர இருக்கிற வீட்டில் கட்டி வந்தவனுக்கு வேலை ஒன்றும் இல்லாத மாதிரித்தான் தெரியும். நானும் எட்டு மாதம் அப்படித்தான் இருந்தேன், அதனால் நடந்ததும் கீழே வருகிறது. நான் டொக்டர் இல்லை. பட்டதையும் கிளினிக்கில் சொல்லித் தந்ததையும் எழுதுகிறேன், மனைவி பக்கத்தில் இருந்து திருத்தம் சொல்கிறாள்.

முதலில் கணக்கு. ஊரில் எத்தனை மாதம் என்று கேட்பார்கள், கிளினிக்கில் வாரம்தான். கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 40 வாரம், அதாவது 280 நாள். கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை, ஆகவே ஆறு வாரம் என்று சொன்னால் கரு தங்கி ஏறக்குறைய நாலு வாரம்தான் ஆகியிருக்கும். இது தெரியாமல் விரல் மடித்து எண்ணிப் பார்த்து வீண் சந்தேகம் கதைத்த ஆட்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு அந்த முதல் நாள் மார்ச் 30, மனைவி கலண்டரில் புள்ளி போட்டு வைக்கிற பழக்கம் இருந்ததால் சரியாகச் சொல்ல முடிந்தது. ஞாபகம் இல்லாதவர்களுக்கு 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கானில் பிள்ளையின் நீளத்தை அளந்து தேதி சொல்வார்கள், ஸ்கான் பிந்தப் பிந்த அந்தக் கணக்குப் பிசகும். அப்புறம், சரியாக அந்தத் தேதியில் பிறக்கிற பிள்ளைகள் குறைவு. 37 முதல் 41 வாரத்துக்குள் எப்போதும் வரலாம். கலியாண முகூர்த்தம் மாதிரி நினைக்காமல் வெள்ளாமை வெட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், ரெண்டு கிழமை முன்னே பின்னே.

ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடு தெரிந்தவுடன் மிட்வைவ் மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். எட்டு வாரத்துக்குள் பதியச் சொல்வார்கள். மாமிக்கு அதில் விருப்பமில்லை, மூன்று மாதம் கழியும் வரை வெளியில் மூச்சு விடக் கூடாது, கண்ணூறு படும் என்றார். மிட்வைவுக்குச் சொல்வது ஊருக்குச் சொல்வது இல்லை என்று மனைவிதான் தாயைச் சமாளித்தாள். சுணங்கினால் என்ன நட்டம் என்றால், பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகிற வேலை முதல் சில வாரங்களுக்குள் நடந்து முடிகிறது, போலிக் அமிலக் குளிசை அதற்குத்தான். உண்மையில் அதைப் பிள்ளைக்கு எத்தனிக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும், கலியாணம் கட்டின புதிதில் மிட்வைவ் வந்து சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிந்தவுடன் இரத்தம் எடுத்தார்கள். இரத்த வகை, ஹீமோகுளோபின், சீனி, கிரந்தி (சிபிலிஸ்) நோய்க்கும் எச்ஐவிக்கும் உள்ள சோதனைகள். கடைசி இரண்டையும் கேட்டதும் முகம் சுளிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். எல்லாத் தாய்மாருக்கும் செய்வதுதான், யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. தாய்க்கு இருந்தால் மருந்து கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

பதிந்த அன்று ஒரு கார்ட் தருவார்கள், எச் 512 என்று அதற்குப் பேர். மடித்து வைக்கிற பெரிய மட்டை. ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை, பிரஷர், சிறுநீர்ச் சோதனை, வயிற்றின் உயரம், பிள்ளையின் இதயத் துடிப்பு எல்லாம் அதில் வரிசையாக ஏறும். நான் அதை ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டு மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன், திறந்து பார்க்கவில்லை. மிஸ் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஆளக் கொண்டுவந்து இறக்கிறதோட உங்கட வேல முடியல்ல. இதக் கொஞ்சம் வாசிங்க.” ஓம் மிஸ் என்றேன். வாசிக்கவில்லை.

குளிசைக் கதையில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை, ஆனால் எல்லாரும் பிழை விடுகிற இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் விற்றமின் சியும் தருவார்கள். இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதை உடம்பில் சேர விடாது. தேத்தண்ணியும் அப்படித்தான், இரும்புக் குளிசையைப் போட்ட கையோடு ஒரு கோப்பை குடித்தால் குளிசை வீண். கல்சியம் பகலில் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் விற்றமின் சியோடு என்று பிரித்துக்கொண்டோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மனைவிக்கு முதல் சோதனையில் ஹீமோகுளோபின் 10.2. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. மூன்று நேரமும் தேத்தண்ணி குடிக்கிற குடும்பம் எங்களுடையது, அதைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்ததுதான் செய்த பெரிய மாற்றம், ஏழாம் மாதம் 11.1க்கு வந்துவிட்டது. பூச்சிக் குளிசையும் முதல் மூன்று மாதம் கழித்துத் தந்தார்கள். வயலில் வெறுங்காலோடு நடக்கிற எங்கள் ஆட்களுக்கு அது முக்கியம், கொக்கிப் புழு இரத்தத்தைத்தான் குடிக்கும். ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி), முதல் பிள்ளை என்றபடியால் இரண்டு தரம்.

திரிபோஷா பற்றி ஒரு வாக்குமூலம். சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா அது, கிளினிக்கில் மாதாமாதம் தருவார்கள். அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடித்தால் நல்ல ருசி, முதல் மூன்று மாதம் அதில் பாதியைத் தின்றது நான். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்தி (வாந்தி), அவளுக்கு வேண்டாமாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நிறை கூடவில்லை என்று மிஸ் கேட்டபோது மனைவி என்னைத்தான் பார்த்தாள்.

சத்தி பதினாலு வாரம் போல் தானாகக் குறைந்தது. அதற்கு முன் காலையில் எழும்ப முதலே இரண்டு பிஸ்கட், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பாடு, அவ்வளவுதான் உதவியது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் அது சாதாரணச் சத்தி இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஸ்கான் என்றால் ஆட்கள் படம் பார்க்கிற ஆசையில் மாதாமாதம் ஓடுகிறார்கள். அது தேவையில்லை, 20 வாரம் போல் எடுக்கிற ஸ்கான்தான் முக்கியமானது, பிள்ளையின் இதயம், முள்ளந்தண்டு, சிறுநீரகம், நஞ்சுக்கொடி இருக்கிற இடம் எல்லாம் அதில் பார்ப்பார்கள். நாங்கள் அதற்கு ஒரு தனியார் இடத்துக்குக் காசு கட்டிப் போனோம், ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஓகே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், ரிப்போட்டில் நஞ்சுக்கொடி பற்றி ஒரு வரிகூட இல்லை. மறுபடி எடுக்க வேண்டி வந்தது. ஸ்கான் எடுத்து வெளியே வர முதல் ரிப்போட்டைத் திருப்பிப் பார்த்து, விளங்காததைக் கேளுங்கள், நாங்கள் கொடுத்தது காசு.

சீனிச் சோதனையில் பிழை விட்டது நான். 24 முதல் 28 வாரத்துக்குள், இரவு முழுக்கச் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, பிறகும் இரத்தம் கொடுக்க வேண்டும். விடிய ஆறு மணிப் பாதையில் வந்து இறங்கினபோது மனைவியின் முகம் வாடிப் போயிருந்தது. பாவமென்று கடையில் ஒரு பிளேன்ரீயும் வணிசும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவள் கேட்டாள், குடிக்கலாமா என்று. தேத்தண்ணிதானே என்றேன். அன்று சோதனை இல்லாமல் திரும்பி வந்தோம், அடுத்த கிழமை மறுபடி.

ஆவணியில் கோயில் திருவிழா நடந்த நாட்களில்தான் பிள்ளை முதன்முதல் அசைந்தது. மீன் துள்ளின மாதிரி இருந்தது என்றாள், உதை என்று சொல்கிற அளவுக்கு வர இன்னும் ஒரு மாதம் எடுத்தது. 28 வாரத்துக்குப் பிறகு அசைவை எண்ணிக் குறிக்க அட்டை தந்தார்கள். எண்ணிக்கையை விட முக்கியமானது அந்தப் பிள்ளையின் வழமை என்ன என்று தெரிந்து வைத்திருப்பது. எங்கள் மகள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆட்டம். வழமையை விடக் குறைந்தால், குளிர்ந்த தண்ணீர் குடித்து இடப்பக்கம் சரிந்து படுத்துக் கவனித்தும் அப்படியே இருந்தால், அன்றைக்கே போக வேண்டும், நாளைக் காலைவரை பார்ப்பது கிடையாது. கடைசி மாதம் பிள்ளைக்கு இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும் என்று ஊரில் சொல்வது பிழை. மல்லாக்கப் படுக்க வேண்டாம், பக்கவாட்டில் படுக்கச் சொன்னார்கள், ஏனென்றால் வயிற்றின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும்.

இனி அந்தக் கதை. ஐப்பசியில் விதைத்தோம், கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. 34 வாரக் கிளினிக்கில் மிஸ் பிரஷர் பார்த்துவிட்டு அடுத்த கிழமையே திரும்ப வரச் சொன்னார். வழமையாக ரெண்டு கிழமைக்கு ஒருக்கால்தான். ஏன் முந்திச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிழமை வரம்பு உடைத்து வயலுக்குள் தண்ணீர் போய்விட்டது, நான் வட்டையில் நின்றேன், மழையில் அவளைத் தனியே அனுப்ப மாமிக்கு மனமில்லை. போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. பிறகு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு முதன்முதலாக அந்தக் கார்ட்டை ஒழுங்காக வாசித்தேன்: 12 வாரத்தில் 100/60, 28இல் 110/70, 32இல் 120/80, 34இல் 130/85. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, 140/90 தான் எல்லை. வரிசையாகப் பார்த்தால் குளத்தில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மிஸ் அதைப் பார்த்திருக்கிறார்.

டிசம்பர் 10 இரவு, 36 வாரமும் மூன்று நாளும். பின்னேரமே தலையிடி என்று படுத்திருந்தாள், பனடோல் கேட்கவில்லை. முகம் ஊதியிருந்தது, விரலில் மோதிரம் இறுகிக் கழற்ற முடியவில்லை. மாமி சாதாரணமாகத்தான் எடுத்தார். “புள்ளத்தாச்சிக்குக் கால் கை வீங்காம வேறென்ன செய்யும்? படுத்து எழும்பினாச் சரியாயிடும். மறுகா, விடியப் பாப்பம்.” அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நாலு பெற்றவர், கால் வீக்கம் கர்ப்பிணிகள் கனபேருக்கு வருவதுதான். ஒன்பது மணி போல் மனைவி சொன்னாள், “மச்சான், கண்ணுக்குள்ள மின்னி மின்னிப் போகுது, நெஞ்சுக்குக் கீழ நோகுது.” எனக்குத் திடீரென்று அந்தக் கார்ட்டோடு தந்த தாளில் இருந்த படம் ஞாபகம் வந்தது. வாசிக்கவில்லை என்றாலும் படம் பார்த்திருந்தேன், தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், பக்கத்தில் நட்சத்திரங்கள்.

அந்தத் தாளில் உள்ளதை இங்கே ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன்: இரத்தம் படுதல், பன்னீர்க்குடம் உடைந்து தண்ணீர் போதல், விடாத தலையிடி, கண் மங்குதல் அல்லது மின்னுதல், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் திடீரென்று ஊதுதல், காய்ச்சல், மூச்சு முட்டுதல், வலிப்பு, அசைவு குறைதல். இதில் ஒன்று வந்தாலும் உடனே போக வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. இந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள், அலுமாரிக்குள் வைக்க வேண்டாம்.

பாதை இல்லை, இரவு, காற்று வேறு. 1990க்கு அடித்தேன். சுவசெரிய அம்புலன்ஸ், அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம், தமிழில் பேசலாம். எத்தனை வாரம், என்ன செய்கிறது, ஊர் எது என்று கேட்டார்கள். வெல்லாவெளி ரோட்டில் தண்ணீர் நிற்கிற இடம் வரைதான் வண்டி வர முடியும், அதுவரை நீங்கள் கொண்டுவர முடியுமா என்றார்கள். பக்கத்து வீட்டு உழவு மெசினின் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கயிற்றால் கட்டி, அதில் அவளை இருத்தி, நானும் அவளுடைய அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு தார்ப்பாயைப் போர்த்தி, வெள்ளத்துக்குள்ளால் போனோம். அந்தப் பக்கம் இரவில் யானையும் வரும், மெசின்காரர் ரோச் லைட்டை இரண்டு கரைக்கும் அடித்துக்கொண்டே ஓட்டினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா பிள்ளையார் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கிளினிக்குக்குப் போகாத இரண்டு கிழமையை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 160/110, சிறுநீரில் புரதம். ஊசி போட்டுப் பிரஷரை இறக்கி, வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் மருந்து ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் கொதிப்பது போல் இருந்ததாம். பிறகு வசதி கூடிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸிலேயே அனுப்பினார்கள். டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்: இந்த வருத்தம் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது, பிள்ளையும் கொடியும் வெளியே வந்தால்தான் தீரத் தொடங்கும், மருந்தால் பிரஷரைக் கட்டுப்படுத்தலாமே தவிர வருத்தத்தை மாற்ற முடியாது. 36 வாரம் தாண்டிவிட்டதால் பிள்ளையை எடுத்துவிடுவதுதான் இருவருக்கும் நல்லது. விட்டால் வலிப்பு வரலாம், ஈரல், சிறுநீரகம் பழுதாகலாம்.

வலி தானாக வரவில்லை, வரவழைத்தார்கள். கருப்பை வாய்க்குள் ஒரு சின்னப் பலூன் வைத்து, அது வழிவிட்ட பிறகு குடத்தை உடைத்து, சேலைனில் மருந்து விட்டார்கள். நான் வெளியேதான், உள்ளே துணைக்கு அக்காவை விட்டார்கள். இனிச் சொல்வது மனைவி சொன்னது. வலி முதுகில் தொடங்கி முன்னுக்கு வருமாம், அலை மாதிரி ஏறி உச்சிக்குப் போய் இறங்கும், நடுவில் ஒன்றுமே இல்லாத நிமிடங்கள் இருக்கும், அந்த நேரத்தில் அடுத்ததை நினைத்துப் பயப்படாமல் உடம்பைத் தளர்த்தி விட்டவர்களுக்குத்தான் கடைசிக்குப் பலம் மிஞ்சும். கருப்பை வாய் 10 சென்ரிமீற்றர் திறக்க வேண்டும். முதல் நாலைந்து சென்ரிமீற்றருக்குத்தான் கனநேரம், தலைச்சன் பிள்ளைக்கு ஒரு நாள்கூட எடுக்கலாம், அதனால் “இன்னும் மூண்டுதான்” என்று மிஸ்ஸி சொன்னால் மனம் உடைய வேண்டாம். அக்கா இடுப்பெலும்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தது எந்த மருந்தையும் விட உதவியதாம். முக்கச் சொல்லும் வரை முக்கக் கூடாது. முக்கும்போது சத்தத்தைத் தொண்டையில் விடாமல் மூச்சை அடக்கிக் கீழே தள்ள வேண்டுமாம், இதைச் சொல்லும்போது அவள் செய்து காட்டுகிறாள், எனக்கு இப்போதும் வியர்க்கிறது.

நடுவில் ஒரு முறை பிள்ளையின் துடிப்பு இறங்கியது என்று ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு சரியாகி அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் அதுவும் பிள்ளைப்பேறுதான். வயிற்றை வெட்டி எடுத்தவள் நோகாமல் பெற்றவள் என்று கதைக்கிறவர்களை அந்த வாட்டுக்குள் ஒரு மணித்தியாலம் நிற்க விட வேண்டும்.

தானாக வலி வருகிறவர்களுக்கு ஒன்று. பொய்வலி நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் குறையும், ஒழுங்கில்லாமல் வரும். உண்மை வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறையும், நேரம் கூடும், என்ன செய்தாலும் போகாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்பது டவுனில் இருக்கிறவர்களுக்குச் சொன்னது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்துகொண்டு அந்தக் கணக்குப் பார்க்கக் கூடாது.

12ஆம் தேதி விடிய 4.10க்கு மகள் பிறந்தாள், 2 கிலோ 380 கிராம். பிறந்தவுடன் தாயின் நெஞ்சில் போட்டார்கள், நஞ்சுக்கொடி வர, இரத்தம் கூடப் போகாமல் இருக்க, தொடையில் ஊசி. முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் கடும்புப் பால் கொடுக்க வைத்தார்கள். மஞ்சளாகத் தடித்து ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், பால் இல்லை என்று அம்மம்மா பயந்தார். பிறந்த பிள்ளையின் வயிறு அந்தளவுதான். காம்பை மட்டும் வாயில் வைத்தால் புண்ணாகும், கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போக வேண்டும், பிள்ளையின் நாடி மார்பில் முட்ட வேண்டும். இது எல்லாருக்கும் இயற்கையாக வரும் என்பது பொய், மனைவி இரண்டு நாள் அழுது மூன்றாம் நாள் பழகினாள். பிசிஜி ஊசியும் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்ததும் வீட்டுக்கு விட முதலே முடிந்தது. ஐந்து நாள் வைத்திருந்தார்கள், பிள்ளை பிறந்தாலும் தாயின் பிரஷர் உடனே இறங்காது, ஆறு கிழமை வரை கவனிக்க வேண்டுமாம். இது எனக்குப் புதுச் செய்தி, பிறந்தவுடன் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரிப் பையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுடையது கட்டப்படவே இல்லை. கார்ட், இரத்தச் சோதனை ரிப்போட்டுகள், அடையாள அட்டை, விவாகப் பதிவுப் பிரதி (பிறப்புப் பதிவுக்குத் தேவை), முன்பக்கம் திறக்கிற சட்டை, பேட், வெள்ளைத் துணி நிறைய, பிள்ளைக்குத் தொப்பியும் உடுப்பும், சுடுதண்ணிப் போத்தல், சார்ஜர். 34 வாரத்தில் கட்டி வாசலுக்குக் கிட்ட வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியின் இராச்சியம் தொடங்கியது. காயம் (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சரக்கு) அரைத்துக் கொடுப்பது, ஆடாதோடையும் நொச்சியும் பாவட்டையும் அவித்து வேது வார்ப்பது, உள்ளியும் மிளகும் போட்ட சரக்குக் கறி, பால் சுறா வறை, முருங்கையிலை. இதில் பெரும்பாலானது எனக்குப் பிடித்தது, சுறாவும் முருங்கையிலையும் உள்ளியும் நல்ல சாப்பாடு, சுடுதண்ணீரில் உடம்பு நோவுக்குச் சுகம். சண்டை வந்தது இரண்டு இடத்தில். ஒன்று தண்ணீர், கூடக் குடித்தால் வயிறு வைக்கும் என்று அளந்து கொடுத்தார். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் சாதாரணத் தாகமில்லை, தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், தையல் போட்ட இடத்தில் அது நரகம். மிட்வைவ் மிஸ் வீட்டுக்கு வந்த அன்று அவரை வைத்தே சொல்ல வைத்தேன், மருமகன் சொன்னால் எடுபடாது. மற்றது, பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் உள்ள ஒரு கிருமி சின்னப் பிள்ளையின் உடம்பைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் இல்லை, கொத்தமல்லி அவித்ததும் இல்லை. அம்மம்மா தங்க மோதிரத்தைத் தாய்ப்பாலில் தோய்த்து நாக்கில் வைத்துக்கொண்டார், அதோடு சமாதானம். தொப்புள் கொடிக்குச் சாம்பல், மஞ்சள் ஒன்றும் பூசவில்லை, காய விட்டோம், ஒன்பதாம் நாள் விழுந்தது.

எனக்கு ஒரு வேலை கிடைத்தது, ஈரத்துணி எண்ணுவது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தரமாவது சிறுநீர் போனால் பால் போதுமென்று அர்த்தம். சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டேன், நெல்மூட்டை எண்ணுகிற மாதிரி. நாலாம் நாள் கண்ணும் முகமும் மஞ்சளாகின, நிறை குறைந்த பிள்ளை என்றபடியால் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு நாள் நீல லைட்டுக்குக் கீழே வைத்தார்கள். வெயிலில் காட்டினால் போகும் என்று வீட்டில் வைத்திருக்கிற வேலை இல்லை அது. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும் உடனே காட்ட வேண்டும்.

மனைவி எழுதச் சொன்னது ஒன்று: பெற்று மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வந்ததாம். பத்து நாளில் போய்விட்டது, அது கனபேருக்கு வரும். ரெண்டு கிழமைக்கு மேலே போனால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால், நித்திரை கிடைத்தும் நித்திரை வரவில்லை என்றால், அதை மிட்வைவிடம் சொல்ல வேண்டும், பேய்க்குப் பார்க்கிறவரிடம் இல்லை. இரவில் பிள்ளையை வாங்கி ஏவறை எடுக்க வைத்துத் தூக்கி வைத்திருக்கிறதற்கு ஆணுக்கு ஏலாது என்று ஒரு சட்டமும் இல்லை.

அடுத்த பிள்ளை என்றால் 12 வாரத்துக்கு முதலே வந்து இந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள், சின்ன அளவு அஸ்பிரின் தொடங்குவார்களாம், திரும்ப வருகிற வாய்ப்பைக் குறைக்க. கார்ட்டின் மேல்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியும் தந்திருக்கிறார்கள்.

சகலனுக்கு இவ்வளவும் சொன்னேன். அவன் மனிசிக்குத் தேதி கார்த்திகை கடைசி, மழை தொடங்குகிற நேரம். 36 வாரத்தோடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குப் போய்க் களுவாஞ்சிக்குடியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறை எடுத்து இருக்கச் சொன்னேன், அவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொஞ்சத் தூரம்தான். மனிசிக்கும் சம்மதம். சின்னம்மாதான் இன்னும் முடிவு சொல்லவில்லை. மகளைத் தனியே விட மாட்டார், கூடப் போவதென்றால் ரெண்டு மாதத்துக்குக் கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்கிறார். பதினெட்டுக் கோழி. நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், முட்டைக் கணக்குத்தான் இன்னும் பேசி முடியவில்லை.